கல்லடைப்பின் கதை

நம் தாய்மொழியில் இந்நோய்க்குக் கல்லடைப்பு என்று பெயர். நாம் குடியேறி வாழும் தில்லி, ஜெய்ப்பூர் போன்ற நகரங்களில் அண்டை வீட்டார் இதனைப் 'பத்ரி' என்பர். வடமொழி வைத்திய நூல்கள் 'அச்மரி' என்று குறிக்கும். பின்னிரண்டு சொற்களும் கல் என்னும் பொருளிலிருந்தே பிறந்தவை. தமிழ்ச் சொல்லோ கல்லைக் கூறுவதோடு நில்லாமல், அது நீர் இறங்கும் வழியை அடைத்துத் துன்புறுத்துவதையும் சேர்த்துக் கூறுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். உடலுக்குள் கல் இருப்பது ஒன்று; அது வழியை அடைப்பது மற்றொன்று; அது பிறப்பதற்குக் காரணமான நிலை மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்து அறிய மனித குலத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் காண இருக்கிறோம்.

இதில் நமக்குத் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. பஞ்சாப், அரியானா, தில்லி, இராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துக் 'கல் வலயம்' என்று மருத்துவர் அழைப்பதுண்டு. பிழைப்பின் பொருட்டு நம்மவர் பலர் வந்து சேர்ந்திருப்பதும் இப்பகுதிகளிலேதான். இவ்வூர்களின் கோடையில் உடலின் நீர் பெரும்பாலும் வியர்வையாகவே கழிந்துவிடுகிறது. எஞ்சும் சிறிதளவு நீரிலே என்ன நிகழ்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

இந்நோயின் பழமைக்குச் சான்று எகிப்தில் கிடைத்தது. 1901-ஆம் ஆண்டில் எல் அம்ரா என்னும் இடத்துப் பழைய இடுகாட்டில், இளைஞன் ஒருவனின் எலும்புகளுக்கிடையே நீர்ப்பைக் கல் ஒன்றை எலியட் ஸ்மித் என்னும் அறிஞர் கண்டெடுத்தார். பிரமிடுகள் எழும்புவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்விளைஞன் மாண்டவன். கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவர் உறுதிமொழியோ, கல்லுக்காகக் கத்தியை எடுப்பதில்லை என்றும், அதனை அத்தொழிலில் வல்லாரிடமே விட்டுவிடுவது என்றும் மருத்துவனைச் சொல்ல வைத்தது. அறுவையின் அபாயம் அவ்வளவு பெரிதாயிருந்தது.

நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை இந்நோய்க்குத் தனி அத்தியாயங்களை ஒதுக்கியிருக்கிறது. சிகிச்சை செய்யாவிடில் மரணம் உறுதி, செய்தாலோ பிழைப்பது ஐயம். ஆகையால் அரசனிடம் அனுமதி பெற்ற பின்னரே கத்தியை எடுக்க வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. கல்லை விரலால் கீழே கொணர்ந்து, நடுக்கோட்டுக்கு இடப்புறமாகக் கீறி, வளைந்த முனையுடைய கருவியால் எடுக்கும் முறையை அது விவரிக்கிறது. துகளேனும் உள்ளே தங்கினால் அது மீண்டும் வளரும் என்று எச்சரிக்கவும் செய்கிறது. கல் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அந்நூலார் தரும் உவமை நம் மனத்தை விட்டு அகலாதது. புதிய கலயத்தில் தெளிந்த நீரை ஊற்றி வைத்தாலும், காலம் செல்லச் செல்ல அடியில் வண்டல் படிகிறதல்லவா? கல்லும் அவ்வாறே தோன்றுகிறது என்கிறார். இவ்வுவமையை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பல நூற்றாண்டுகள் கழித்து விஞ்ஞானம் இதனருகிலேயே வந்து நின்றது.

இடைக்காலத்தில் முன்னேறியது கையின் திறமையே. ஐரோப்பாவில் கல்லறுப்போர் என்னும் ஒரு கூட்டத்தார் ஊர் ஊராகச் சென்று தொழில் செய்தனர். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் நோயாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அறுப்பார்கள். எனவே விரைவே பெரிய திறமையாக மதிக்கப்பட்டது. லண்டன் மாநகரில் செசல்டன் என்னும் வைத்தியர் 1727-ஆம் ஆண்டில் பக்கவாட்டில் அறுக்கும் முறையைக் கையாளத் தொடங்கினார். ஒரு நிமிடத்துக்குள் கல்லை எடுத்துவிடுவார் என்று அவர் புகழ் பெற்றார்.

இவ்வறுவையைத் தாங்கிப் பிழைத்தவர்களுள் சாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத் தக்கவர். பிற்காலத்தில் கடற்படை நிர்வாகத்தில் உயர் பதவி வகித்த அவர், 1658-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் வயதில், அறுவைக்கு உட்பட்டார். எடுத்த கல் டென்னிஸ் பந்தளவு இருந்ததாம். அதனை ஒரு பேழையில் வைத்துக் காத்து, ஆண்டுதோறும் அந்நாளில் நண்பர்களுக்கு விருந்தளிக்க விரும்பினார் அவர். கல்லின் தொல்லை ஒழிந்தது என்று அவர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் 1703-ஆம் ஆண்டில் அவர் இறந்த பிறகு உடலைச் சோதித்தபோது, இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் இருக்கக் கண்டனர். நீர்ப்பையிலிருந்த கல்லை நீக்கிய கைக்கு, கல் பிறக்கும் நிலையை நீக்கும் ஆற்றல் இல்லை. இவ்வரலாற்றின் சாரம் முழுவதும் அம்மனிதர் ஒருவர் வாழ்விலேயே அடங்கியிருக்கிறது.

கத்திக்கு அஞ்சியோர் மருந்தை நாடினர். ஜோவானா ஸ்டீபன்ஸ் என்னும் பெண்மணி, கல்லைக் கரைக்கும் மருந்து தம்மிடம் உண்டென்று கூறிப் பெரும் பெயர் பெற்றார். இரகசியத்தை வெளியிடுவதற்காக அவருக்கு 5,000 பவுன் அளிக்க ஆங்கிலப் பாராளுமன்றம் 1739-ஆம் ஆண்டில் சட்டமே இயற்றியது. வெளிவந்த இரகசியம் என்ன? சுட்டுப் பொடித்த முட்டை ஓடு, நத்தை, சில மூலிகைகள், சவுக்காரம்! குணமடைந்தோம் என்று சிலர் கூறிய சாட்சியத்தை நம்பி அவ்வளவு பெரிய தொகை வழங்கப்பட்டது. எத்தனை பேர் உண்டனர், அவர்களுள் எத்தனை பேருக்குக் கல் கரைந்தது, உண்ணாதவர் நிலை என்ன என்னும் கேள்விகளை அக்காலத்தில் முறையாகக் கேட்பார் இல்லை.

கல் எதனால் ஆனது என்பதை அறியாமல் அதனைக் கரைக்க முயல்வது இருட்டில் ஊசி தேடுவதை ஒக்கும். அந்த இருளை முதலில் விலக்கியவர்கள் ரசாயன அறிஞர்கள். ஸ்வீடன் நாட்டு ஷீலே 1776-ஆம் ஆண்டில் நீர்ப்பைக் கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். இங்கிலாந்தின் வல்லாஸ்டன் 1797-இல், கற்கள் யாவும் ஒரே பொருளால் ஆனவையல்ல என்று காட்டினார். கால்சியம் ஆக்சலேட்டு, கால்சியம் பாஸ்பேட்டு, யூரிக் அமிலம் என இன்று பல வகை கூறுகிறோம். வகை வேறாயின் மருந்தும் வேறாக வேண்டும் என்பது இதனால் விளங்கலாயிற்று. யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்தால் பல வேளைகளில் கரைத்துவிட முடியும். கால்சியம் ஆக்சலேட்டுக் கல் அவ்வாறு கரைவதில்லை.

அடுத்த திருப்பம் பாரிஸ் நகரத்தில் நிகழ்ந்தது. ழான் சிவியால் என்னும் மருத்துவர் 1824-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், உடலைக் கீறாமலே, சிறுநீர் வரும் இயற்கை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, நீர்ப்பைக்குள்ளேயே கல்லைப் பற்றிப் பொடியாக்கிக் காட்டினார். இது பெரிய சாதனைதான். ஆனால் அதனினும் பெரியது அவர் பிறகு செய்தது என்று நாம் கருதுகிறோம். பழைய முறையில் அறுக்கப்பட்டோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களைத் திரட்டித் தம் முறையோடு ஒப்பிட்டார். அறுவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரும், கல்லுடைப்பில் ஏறத்தாழ 2 பேரும் மாண்டதாக அக்கணக்குக் காட்டியது.

1835-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அமைத்த குழு இக்கணக்கை ஆராய்ந்து, மருத்துவத்துக்குப் புள்ளிவிவரம் பொருந்துமா என்றே ஐயுற்றது. நோயாளி ஒவ்வொருவரும் தனித்தன்மை உடையவர். அவர்களைக் கூட்டலுக்கு உட்பட்ட எண்களாகக் கொள்ளலாமா என்பது அவர்கள் வாதம். எளிய நிலையில் இருந்தோரே புதிய முறைக்கு வந்திருக்கலாம் என்று இன்று நாமும் ஐயுறலாம். எனினும் ஒரு சிகிச்சையின் தகுதியைச் செய்தவர் புகழால் அளவாமல், எண்ணிப் பார்த்து அளவிட வேண்டும் என்னும் வழக்கம் வேரூன்றியதில் இக்கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

சிவியாலின் முறையில் கற்பொடி முழுதும் வெளியேறாமல் தங்கிப் பல முறை சிகிச்சை தேவைப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பிகிலோ 1878-ஆம் ஆண்டில், ஒரே அமர்வில் உடைத்து, நீரைப் பாய்ச்சித் துகள் அனைத்தையும் உறிஞ்சி வெளியேற்றும் முறையை வகுத்தார். அப்போது மயக்க மருந்தும் வந்துவிட்டது. ஆயினும் சிறுவர்களுக்கு இம்முறை ஆகாது என்றே மருத்துவர் எண்ணியிருந்தனர். அக்கருத்து தவறு என்பதை நிலைநாட்டிய இடங்களுள் நம் இந்தியாவின் இந்தூர் நகரம் முக்கியமானது. அங்குப் பணியாற்றிய டாக்டர் கீகன், 1880-களில் சிறுவர்களுக்கும் அச்சிகிச்சையை வெற்றியுடன் செய்து, தம் அனுபவத்தை மருத்துவ உலகுக்கு எழுதினார். இந்தியாவில் நீர்ப்பைக் கல்லால் வருந்திய ஏழைச் சிறுவர்கள் அத்தனை பேர் இருந்தனர் என்பதும் இதன் வழி நாம் உணரத்தக்க துயரமே.

ஏன் அத்தனை பேர்? வட மேற்கு மாகாணங்களில் மிகுதியாயிருந்த இந்நோய் தென்னாட்டில் அரிதாயிருப்பானேன்? இக்கேள்விக்கு விடை தேட முயன்ற ஆராய்ச்சி நம் நீலகிரி மலையில் நடந்தது. 1918-ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் உணவாராய்ச்சியைத் தொடங்கியவர் ராபர்ட் மக்காரிசன். அவர் வெள்ளெலிகளுக்குப் பலவகை உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை மாவே பெரும்பகுதியாய், வைட்டமின் ஏயும் பாஸ்பேட்டும் போதாத உணவை உண்ட எலிகள் பலவற்றின் நீர்ப்பையில் கல் தோன்றியது. அதே உணவோடு பாலும் பெற்றவை தப்பின. இந்தியாவில் கல் தோன்றும் காரணத்தைப் பற்றி அவர் 1931-இல் கட்டுரை வெளியிட்டார். அந்த ஓர் அறை ஆய்வகமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இதைக் கேட்டு, கோதுமை தீது, அரிசி நன்று என்று நம்மவர் முடிவு கட்டிவிடலாகாது. 1960-களில் தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள உபோன் பகுதியில், பிறந்த சில நாட்களிலேயே பசையரிசிச் சோறு ஊட்டப்பட்ட குழந்தைகளிடையே நீர்ப்பைக் கல் மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். பாஸ்பேட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது அக்குழந்தைகளின் சிறுநீரில் படிகங்கள் குறைந்தன. குற்றம் தானியத்தின் பெயரில் இல்லை. பாலும் பிற சத்துகளும் இன்றி ஒரே தானியத்தால் குழந்தையின் வயிற்றை நிரப்பும் வறுமையிலே இருந்தது. உணவு சீர்ப்பட்ட நாடுகளில் சிறுவரின் நீர்ப்பைக் கல் பெரும்பாலும் மறைந்தது. அதே நாடுகளில், பெரியவர்களின் சிறுநீரகக் கல்லோ பெருகலாயிற்று. நோய் கீழிருந்து மேலே குடிபெயர்ந்தது எனலாம்.

சிறுநீரகத்தின் மேல் கத்தி வைக்க முற்காலத்தார் பெரும்பாலும் துணியவில்லை. ஒரு சிறுநீரகத்தை இழந்தும் மனிதன் வாழலாம் என்பதை ஹைடல்பர்க் நகரத்துச் சைமன் 1869-ஆம் ஆண்டில் ஓர் அறுவையால் மெய்ப்பித்தார். 1880-இல் லண்டனில் ஹென்றி மோரிஸ், சிறுநீரகத்தைக் காத்து அதனுள்ளிருந்த கல்லை மட்டும் எடுத்தார். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடிக்க, மறு ஆண்டே கிளாஸ்கோ நகரில் சிறுநீரகக் கல் ஒன்று படமாக்கப்பட்டது. அதுவரை ஊகத்தால் தேடிய கல்லை மருத்துவர் கண்ணால் காணலாயினர்.

கடந்த அரை நூற்றாண்டில் நிகழ்ந்த மாறுதல்களை நம்மில் பலர் நேரிலேயே கண்டிருக்கிறோம். முதுகில் விரலளவே துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையை 1976-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் வெளியிட்டனர். அடுத்ததன் பிறப்பு வியப்பானது. ஜெர்மனியில் விமானம் கட்டும் டோர்னியர் நிறுவனத்தார், ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் அதிர்வலை எழுந்து உலோகத்தைச் சிதைப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவ்வலையை ஒரு புள்ளியில் குவித்தால், உடலின் மென்மையான பகுதிகளை ஊடுருவிச் சென்று கல்லை மட்டும் நொறுக்கலாமே என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சையைச் செய்தனர். நோயாளி நீர்த்தொட்டியில் அமர்த்தப்பட்டார்; கத்தி அவர் உடலைத் தீண்டவில்லை. 1990-களில், நூல்போன்ற நுண்குழாயைச் சிறுநீர் வழியே மேலே செலுத்தி லேசர் ஒளியால் கல்லைத் தூளாக்கும் முறையும் பரவியது. செசல்டன் ஒரு நிமிடத்தில் முடித்ததை இவர்கள் ஒரு மணி நேரம் செய்கின்றனர். ஆனால் நோயாளி வலியறியாது உறங்கி எழுந்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்.

கல்லை எடுக்கும் கலை இவ்வாறு சிகரத்தை எட்டியது. கல் பிறவாமல் தடுக்கும் அறிவு என்ன ஆயிற்று? இங்கே சுசுருதரின் கலயத்துக்குத் திரும்புவோம். நீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கினால் ஓரளவு வரை கரையும். அதற்கு மேல் படியும். சிறுநீரிலும் அதுவே நிகழ்கிறது. கரைக்கும் நீர் குறைந்தோ, கரைய வேண்டிய உப்புகள் மிகுந்தோ போனால் படிகம் உண்டாகிறது. அமெரிக்க மருத்துவர் அலெக்சாந்தர் ராண்டல் 1937-இல், சிறுநீரகத்தின் உட்புறத்து முனைகளில் கால்சியப் படிவுகள் பற்றியிருப்பதையும், கல் அவற்றின் மேல் வளர்வதையும் எடுத்துக்காட்டினார். கலயத்தின் அடியில் வண்டல் ஒட்ட ஓரிடம் கிடைத்தது போன்றது அது.

ஆனால் இதுவும் சிவியால் காட்டிய வழியில் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியிருந்தது. இத்தாலியின் பர்மா நகரத்தில் போர்கி என்பவரும் அவர் குழுவினரும், முதல் முறை கல் கண்ட 199 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர், நாளொன்றுக்கு இரண்டு லிட்டராவது சிறுநீர் கழியுமாறு நீர் பருகினர். மற்றவர் வழக்கம்போல் இருந்தனர். ஐந்தாண்டு முடிவில் முதற்பிரிவில் 99 பேரில் 12 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 100 பேரில் 27 பேருக்கும் கல் மீண்டும் தோன்றியது. 1996-இல் வெளியான இம்முடிவு, வெறும் நீருக்கு உள்ள ஆற்றலை ஐயத்துக்கு இடமின்றி எண்களால் உணர்த்திற்று.

நம் வீடுகளில் இன்னும் வழங்கும் ஓர் அறிவுரையையும் அதே குழுவினர் சோதித்தனர். கல்லில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; ஆகவே பாலும் தயிரும் ஆகா என்பது அவ்வறிவுரை. மேற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இதனை மருத்துவர்களும் பல காலம் கூறி வந்தனர். சிறுநீரில் கால்சியம் மிகுந்து கழியும் 120 ஆடவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கால்சியத்தைக் குறைத்தனர். மற்றொரு பிரிவினருக்குக் கால்சியத்தைக் குறைக்காமல் புலாலையும் உப்பையும் குறைத்தனர். ஐந்தாண்டுகளில் கால்சியம் குறைத்த 60 பேரில் 23 பேருக்கும், மற்ற 60 பேரில் 12 பேருக்குமே கல் திரும்பியது. இது 2002-இல் வெளியாயிற்று. உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பற்றிக்கொண்டு கழிந்துவிடுகிறது; கால்சியத்தைத் துறந்தவரின் உடலிலோ ஆக்சலேட்டுத் தடையின்றிச் சிறுநீரகம் வரை செல்கிறது. மோர்சாதத்தை அஞ்சி விலக்கியவர் பலர் தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டனர் என்பது வருந்தத்தக்கது.

எண்ணிப் பார்க்கும் நெறி இன்றைய மருந்துகளையும் விட்டுவைக்கவில்லை. கல் திரும்பாமலிருக்கப் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வந்த ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் மாத்திரையைச் சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டனர். மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட அது குறிப்பிடத்தக்க நன்மை எதனையும் தரவில்லை. நம் வாழைத்தண்டுச் சாற்றையும் சிறுகண்பீளைக் கஷாயத்தையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். வாழைத்தண்டு எலிகளின் சிறுநீரில் ஆக்சலேட்டைக் குறைத்ததாக ஆய்வுண்டு. எனினும் பர்மாவில் நடந்தது போன்ற நெடிய சோதனை மனிதரிடம் நடந்த பிறகே அதனை உறுதியாகப் போற்ற இயலும். வாழைத்தண்டைக் கூட்டாகவோ பச்சடியாகவோ உண்பதை இதனால் நாம் விட வேண்டியதில்லை. ஆனால் அதனை நம்பி வலியோடும் காய்ச்சலோடும் வீட்டிலேயே கிடப்பது ஆகாது. கல்லடைப்போடு காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைபட்ட நீரில் நச்சுக் கிருமி பெருகி உயிருக்கே உலை வைக்கக் கூடும்.

சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும். இறங்கிய கல்லை எறிந்துவிடாமல் சோதனைக்குக் கொடுப்பது நன்று. ஷீலேயும் வல்லாஸ்டனும் தொடங்கிவைத்த அப்பரிசோதனையால் அது எவ்வகைக் கல் என்பது தெரியவரும். அதன்பின் நாளும் கடைப்பிடிக்க வேண்டியவை மிகச் சிலவே. இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் பருகுதல். ஊறுகாயிலும் அப்பளத்திலும் மறைந்து வரும் உப்பைக் குறைத்தல். பாலையும் மோரையும் உணவோடு கொள்ளுதல். எலுமிச்சை பிழிந்த நீரை விரும்பிப் பருகுதல். எலுமிச்சையிலுள்ள சிட்ரேட்டு படிகம் சேர்வதைத் தடுக்க உதவும். இதய நோயோ சிறுநீரகத் தளர்ச்சியோ உடையவர் மட்டும் நீரின் அளவைத் தம் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

தெற்கேயிருந்து புதிதாக வருவோர் வடநாட்டுக் கோடையின் வறட்சியை முதலாண்டில் உணர்வதில்லை. அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை மும்முரத்தில் தாகத்தை அடக்கிக்கொள்வோர் பலர். பெண்களோ, வெளியிடங்களில் ஒதுங்க வசதியின்மையை எண்ணி, நீர் பருகுவதையே குறைத்துக்கொள்கின்றனர். இது அவர்கள் குற்றமன்று. வசதி செய்து தரவேண்டியோர் கவனிக்க வேண்டிய குறை. பணியிடத்தில் குடிநீரும் தூய்மையான கழிப்பிடமும் கேட்டுப் பெறுவதும் இந்நோய்க்கு எதிரான சிகிச்சையின் ஒரு பகுதியே. பீப்ஸ் தம் கல்லைப் பேழையில் வைத்து மகிழ்ந்தார். கலயத்தில் மீண்டும் வண்டல் படிவதை அவருக்கு எடுத்துச் சொல்ல அக்காலத்தில் ஒருவரும் இல்லை. இன்று அதனை அறிந்திருக்கும் நாம், வருகிற வைகாசி வெயிலுக்கு முன்பே வீட்டார் அனைவர் கைக்கும் எட்டும் இடத்தில் ஒரு பானை நீரை வைத்துவிடலாம்.